ஊர்சுற்றி நரம்பு

பதுளை ஆஸ்பத்திரியில்
கறுப்புக் குழாயொன்றை விழுங்கச் சொன்னார்கள்.
விழுங்கினேன்.
கம்பெனி கொடுத்ததையெல்லாம் விழுங்கின தொண்டைதானே.

திரையில் என் வயிறு.
புதிதாய் முள்ளுக்குத்திய மலை போல
ஈரமாய், சிவப்பாய்,
அங்கங்கே வெடிப்பு.
விளிம்பில் கோப்பித்தூள் நிறத்தில்
காய்ந்த ரத்தம்.

டொக்டர் சிங்களத்தில் சொல்ல
மிஸி நஸ்ரினா தமிழாக்கினார்:
"கிருமி இல்லையாம்.
வலி மாத்திரை போடுறதில்ல, குடியும் இல்லங்கிறீங்க.
அப்ப இது மேலயிருந்து வந்ததாம்."

மேலேயிருந்து என்றதும்
ஜன்னலுக்குத் திரும்பி மலையைப் பார்த்தேன்.
அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மூளையின் அடியிலிருந்து ஒரு நரம்பு இறங்குகிறதாம்.
கழுத்து வழி, நெஞ்சு வழி,
இருதயத்தில் ஒரு எட்டு எட்டிப் பார்த்து
வயிறு வரைக்கும்.
லத்தீனில் அதற்கு ஊர்சுற்றி என்று பெயராம்.
எங்கள் கொழுந்து லொறி மாதிரி,
ஒவ்வொரு டிவிஷனிலும் நின்று நின்று.
பயந்தால்
ஒரு நரம்பு அமிலத்தைத் திறந்துவிடும்,
இன்னொன்று ரத்தத்தைச் சுருக்கிவிடும்.
காவலில்லாத சதையில்
புளிப்பு இறங்கும்.

"அப்படி என்ன பயம் உங்களுக்கு?"

என் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி.
இரண்டு வருடம் முன் அதிகாரிகள் வந்து
லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பை அளந்தார்கள்.
பாறையில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு
கணக்குத் தெரிந்தவர் யார் என்றார்கள்.
ஓ.எல். எழுதிய பாவத்துக்குக்
கையைத் தூக்கினேன்.

எழுபத்தைந்து வந்தால் விழித்திரு.
நூறு வந்தால் ஆயத்தம்.
நூற்றைம்பது வந்தால்
எழுப்பு, எல்லாரையும்.

அன்றிலிருந்து தகரத்தில் தூறல் விழுந்தாலே
எனக்குள் ஒருவன் டோர்ச்சோடு எழுகிறான்.
பன்னிரண்டுக்கு. இரண்டுக்கு. மூன்றரைக்கு.
மழையில்லாத இரவில்
புவனரதி புரண்டு படுத்துக் கட்டில் முனகினாலும்
மலைதான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் ஒருமுறை எழுப்பினேன்.
நூற்றைம்பத்திரண்டு.
முப்பத்திரண்டு குடும்பம்,
தொட்டில் பிள்ளை, மாத்திரைப் பை, ஆடுகள்
எல்லாவற்றையும் இருட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம்.
விடிந்தது.
மலை அப்படியே நின்றது,
ஒன்றும் அறியாதது போல.
ஒரு நாள் பேர் போச்சு, உன்னால என்று
கருணைராஜ் காறித் துப்பினான்.
அன்றைக்குத்தான் முதன்முதலாய்
கறுப்பாய் வாந்தியெடுத்தேன்.

இவ்வளவையும் மிஸியிடம் எங்கே சொல்ல.
"மழைக்குப் பயம்" என்றேன்.
எப்படி மொழிபெயர்த்தாரோ,
டொக்டர் என் நெஞ்சில் சளி இருக்கிறதா என்று
குழல் வைத்துப் பார்த்தார்.

முன்னெல்லாம் அந்த நரம்பை வெட்டிவிடுவார்களாம்.
வெட்டுங்களேன் என்றேன்.
இல்லையாம்.
காயத்தை ஆற்றச் சொல்லிச் சேதி கொண்டுபோவதும்
அதே நரம்புதானாம்.
அதோடு, அதில் ஓடுகிற சேதியில் பெரும்பாலானது
கீழேயிருந்து மேலே போவதாம்.
எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை என்றேன்.
மிஸி இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.
சிரித்தார்.

ஹப்புத்தளையில் பஸ் மாறி
வீடு சேரும்போது தூறிக்கொண்டிருந்தது.
கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு
சுவரைப் பார்த்துப் படுத்தேன்.
இரண்டு மணிக்கு
என் டோர்ச்சை எடுத்துக்கொண்டு
புவனரதி வெளியே போனாள்.
ஈரத் தலையோடு வந்து
கொப்பியில் எழுதினாள்.
"அறுபத்தொண்ணு. நீங்க படுங்க."

படுத்தேன்.
வயிற்றுக்குள் எவனோ
புரண்டு கொடுத்தான்.
அவள் மூச்சு சீரானதும்
மெல்ல எழுந்து போய்ப் பார்த்தேன்.

அறுபத்து மூன்று.
இடையில் இரண்டு பெய்திருந்தது.